எல்லைக்கோட்டுக்கு அடியில் இருக்கும் நீரும் வெப்பமும் யாருக்குச் சொந்தம்?

கேள்வி இது: ஒரே நிலத்தடி நீர்த்தாங்கி இரண்டு மூன்று நாடுகளுக்கு அடியில் பரவியிருக்கிறது; அதன் ஆழமான பகுதியில் வெந்நீரும் இருக்கிறது. அது யாருக்குச் சொந்தம்? ஆற்று நீரைப் பங்கிடுவது போல அதையும் பங்கிட முடியுமா?

சொந்தம் யாருக்கு என்பதற்குச் சர்வதேசச் சட்டம் இன்றுவரை கட்டுப்படுத்தும் விடை எதையும் தரவில்லை. ஆனால் பங்கிட முடியுமா என்பதற்கு நடைமுறையில் விடை இருக்கிறது. சில இடங்களில் பல பத்தாண்டுகளாக அமைதியாகப் பங்கிட்டு வருகிறார்கள். அந்த இடங்களைக் கூர்ந்து பார்த்தால், உரிமை யாருக்கு என்ற வழக்கைத் தீர்த்துவிட்டு அவர்கள் வேலையைத் தொடங்கவில்லை என்பது தெரியும். கிணற்றில் என்ன நடக்கிறது என்பதை இரு தரப்பும் சேர்ந்து அளந்தார்கள். அந்த அளவை இரு தரப்பும் நம்பின. அதன் மேல் சிறிய, திட்டவட்டமான ஒரு விதியை வைத்தார்கள். உரிமைப் பிரச்சினையை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். என் விடையின் சாரம் இதுதான். எஞ்சியவை இதற்கான காரணங்களும் எடுத்துக்காட்டுகளும்.

உலகில் எல்லை கடந்த நீர்த்தாங்கிகள் எத்தனை என்று கணக்கெடுக்கும் சர்வதேச நிலத்தடி நீர் மதிப்பீட்டு மையம், 2021ஆம் ஆண்டு வரைபடத்தில் 468ஐக் குறித்திருக்கிறது. இவற்றுள் முறையான உடன்படிக்கை உள்ளவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆறுகளுக்கு நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் இருக்கும்போது நிலத்தடி நீருக்கு ஏன் இவ்வளவு குறைவு என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் நீர்த்தாங்கி எப்படி இயங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆற்றில் மேல்மடை, கீழ்மடை என்று இரண்டு இடங்கள் உண்டு. மேலே தடுத்தால் கீழே குறையும். நீர்த்தாங்கி என்பது நீரைத் தன் துளைகளிலும் வெடிப்புகளிலும் தாங்கியிருக்கும் பாறை அல்லது மணல் அடுக்கு. ஆழத்தில், மேலும் கீழும் நீர் புகாத அடுக்குகளுக்கு நடுவே சிறைப்பட்டிருக்கும் நீர் ஆண்டுக்குச் சில மீட்டர் தூரம்தான் நகரும். இதைப் படித்தவுடன், பக்கத்து நாட்டுக்காரர் இறைத்தால் நம் பங்கு குறைய ஆயிரம் ஆண்டாகும் என்று தோன்றலாம். அப்படி நடப்பதில்லை. நீர் மெதுவாக நகர்ந்தாலும் அழுத்தம் வேகமாகப் பரவும். ஒரு கிணற்றில் இறைக்கத் தொடங்கினால் அதைச் சுற்றி ஏற்படும் அழுத்தக் குறைவு, சிறைப்பட்ட அடுக்குகளில் சில நாள்களிலோ மாதங்களிலோ பல கிலோமீட்டர் தூரம் பரவிவிடும். அதாவது, ஒரு சொட்டு நீர்கூட எல்லையைக் கடக்கும் முன்பே பக்கத்து நாட்டுக் கிணற்றின் அழுத்தம் இறங்கியிருக்கும். தானாகப் பொங்கிக்கொண்டிருந்த ஊற்றுக்கு மோட்டார் வைக்க வேண்டிவரும். பத்து மீட்டரில் இருந்த நீர் முப்பது மீட்டருக்குப் போகும். அடுத்த தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றால் தன் கேணி வற்றியதைக் கண்டவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இங்கே இரண்டு தோட்டங்களுக்கு நடுவே வேலிக்குப் பதில் நாட்டு எல்லை இருக்கிறது, அவ்வளவுதான்.

வெந்நீர் என்று வரும்போது கணக்கு இரட்டிப்பாகிறது. நீர் ஒரு கணக்கு, வெப்பம் இன்னொரு கணக்கு. வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆறிய நீரை இரண்டாவது கிணறு வழியாக அதே அடுக்குக்குள் திருப்பி அனுப்பலாம். இதை மறுசெலுத்தல் என்போம். அப்போது நீரின் அளவும் குறையாது, அழுத்தமும் பெரிதாக இறங்காது. ஆனால் உள்ளே போன குளிர்ந்த நீர் தன்னைச் சுற்றியுள்ள பாறையின் சூட்டை உறிஞ்சியபடி மெல்ல முன்னேறும். பாறையிலேயே நிறைய வெப்பம் தேங்கியிருப்பதால் அந்தக் குளிர்முனை நீரைவிடப் பின்தங்கியே வரும். சில பத்தாண்டுகள் கழித்து எடுப்புக் கிணற்றை எட்டலாம். அந்த எடுப்புக் கிணறு எல்லைக்கு அப்பால் இருந்தால், நீரைக் குறைக்காமலேயே அண்டை நாட்டின் வெப்பத்தைக் குறைத்தவர்களாகிறோம். எனவே திருப்பி அனுப்பினால் போதாது. எங்கே, எவ்வளவு தூரத்தில், எந்த ஆழத்தில் திருப்பி அனுப்புகிறோம் என்பதும் அண்டை நாட்டின் விஷயம்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம். எல்லை கடந்த நிலத்தடி நீர் மேலாண்மை என்றால் உலகெங்கும் முதலில் காட்டப்படுவது ஜெனீவா. புகழ் பெற்ற எடுத்துக்காட்டு என்பதற்காக அல்ல, அங்கே உள்ள ஏற்பாடு எளிமையானது, ஒரு கணக்குப் புத்தகம் போன்றது என்பதற்காகவே நானும் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஜெனீவா ஏரியின் தென்கோடிக்கும் ரோன் ஆற்றுக்கும் இடையே ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளத்துக்குப் பனியாறுகள் விட்டுச்சென்ற கூழாங்கல், மணல் படிவு ஒன்று இருக்கிறது. அதன் பெரும்பகுதி சுவிட்சர்லாந்தின் ஜெனீவா மாநிலத்துக்கு அடியிலும், தெற்கு விளிம்பு பிரான்சின் ஓட்-சவுவா மாவட்டத்துக்கு அடியிலும் உள்ளது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் ஆர்வ் ஆறு இயற்கையாகவே அதற்கு நீரூட்டி வந்தது. இரு தரப்பும் தனித்தனியே இறைத்ததில், 1960க்கும் 1980க்கும் இடையில் நீர்மட்டம் சுமார் 7 மீட்டர் இறங்கியது. சில கிணறுகளை மூட வேண்டிய நிலை வந்தது. ஜெனீவாவுக்கு ஏரி இருந்தது. ஆனால் ஏரி நீரைச் சுத்திகரிக்க இன்னொரு பெரிய நிலையம் கட்டுவதற்கு ஆகும் செலவைவிட, நீர்த்தாங்கியை மீண்டும் நிரப்புவது மலிவு என்று கணக்கிட்டார்கள்.

1978 ஜூன் மாதத்தில் ஜெனீவா மாநில அரசும் ஓட்-சவுவா மாவட்ட ஆட்சியரும் முப்பது ஆண்டுக்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பெர்னும் பாரிஸும் முன்னின்று போட்ட ஒப்பந்தம் அன்று அது. எல்லையின் இரு பக்கமும் இருந்த உள்ளூர் நிர்வாகங்கள் போட்டது. இந்தச் சிறு விவரத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தலைநகரங்கள் பேசத் தொடங்கினால் இறையாண்மை என்ற சொல் மேசைக்கு வந்துவிடும். கிணற்றுக்குப் பொறுப்பானவர்கள் பேசினால் மீட்டர் அளவு மேசைக்கு வரும்.

நீர்த்தாங்கியை மீண்டும் நிரப்புவதற்காக வெசி என்ற இடத்தில் 1980 முதல் இயங்கும் செறிவூட்டல் நிலையத்தைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் உள்ளே நடப்பது புரியும். ஆர்வ் ஆற்றிலிருந்து எடுத்த நீரை முதலில் தெளிய விடுகிறார்கள். பிறகு கூழாங்கல், மணல் வடிகட்டிகள் வழியாகச் செலுத்துகிறார்கள். ஆர்வ் பனியாற்று நீர்; கோடையில் பனி உருகும்போதும் பெருமழையின்போதும் மாவு கரைத்ததுபோலச் சாம்பல் நிறத்தில் கலங்கி வரும். கலங்கல் அளவு மீறினால் உறிஞ்சுவதை நிறுத்திவிடுவார்கள். ஏனென்றால் அந்த நுண்ணிய வண்டல் உள்ளே போனால் நீர்த்தாங்கியின் துளைகளையே அடைத்துவிடும். தெளிந்த நீரை, மண்ணுக்கு அடியில் பதித்த, மொத்தம் ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு நீளும் துளையிட்ட குழாய்கள் வழியாகக் கசிய விடுகிறார்கள். ஆண்டுக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி கன மீட்டர் வரை இப்படி உள்ளே போகிறது. இறங்கிய நீர்மட்டம் மீண்டது.

நிலையத்தைக் கட்டியதும் நடத்துவதும் ஜெனீவா. பிரெஞ்சுத் தரப்பு தான் எடுக்கும் அளவுக்கு ஏற்ப அந்தச் செலவில் பங்கு தருகிறது. ஆனால் தம் நிலத்தில் இயற்கையாக ஊறும் நீருக்கும் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று பிரெஞ்சுக் கிராமங்கள் கேட்டன. நியாயமான கேள்விதான். அதனால் முதல் 20 லட்சம் கன மீட்டருக்குக் கட்டணம் கிடையாது என்றும், ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும் வைத்தார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டர் உண்டு. இரு தரப்பிலும் மும்மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு ஆண்டுதோறும் கூடி அளவுகளையும் நீரின் தரத்தையும் பார்க்கிறது. 2008 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதுப்பித்த உடன்படிக்கையில், பிரெஞ்சுத் தரப்பில் மாவட்ட ஆட்சியருக்குப் பதில் உள்ளாட்சிகளே நேரடியாகக் கையெழுத்திட்டன. நீர்த்தாங்கி யாருடையது என்ற கேள்வியைத் தீர்க்காமலேயே, செறிவூட்டும் செலவு யாருடையது என்ற கேள்வியைத் தீர்த்துவிட்டார்கள்.

இந்த முறையை அப்படியே எங்கும் பெயர்த்து நடலாம் என்று நினைக்கக் கூடாது. ஜெனீவாவுக்குப் பணம் இருந்தது, மாற்று வழியாக ஏரி இருந்தது, செறிவூட்ட ஆறு இருந்தது. இவை மூன்றும் இல்லாத இடத்தைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் வெந்நீர்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்கும் ஆஸ்திரியாவின் மேல் ஆஸ்திரியா மாநிலத்துக்கும் இடையே இன் என்ற ஆறு எல்லையாக ஓடுகிறது. அதன் அடியில் ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் உருவான சுண்ணாம்புக்கல் அடுக்கு இருக்கிறது. நீர் அரித்து அரித்து வெடிப்புகளும் குடைவுகளுமாக ஆன அந்தப் பாறையில் வெந்நீர் நிறைந்திருக்கிறது. 1938இல் பவேரியப் பக்கத்தில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து 56 டிகிரி வெந்நீர் பீறிட்டது. பிற்பாடு அந்த இடமே பாட் ஃபூசிங் என்ற பெரிய வெந்நீர்க் குளியல் நகரமாயிற்று. பாட் கிரீஸ்பாக், பாட் பிர்ன்பாக் ஆகியவையும், எல்லைக்கு அந்தப் பக்கம் கைன்பெர்க் போன்றவையும் அதே நீரில்தான் நடக்கின்றன. ஆஸ்திரியாவின் ஆல்ட்ஹைமில் அதே அடுக்கு இன்னும் ஆழமாகப் போவதால் நூறு டிகிரியைத் தாண்டிய நீர் கிடைக்கிறது; அதைக் கொண்டு ஊருக்கு வெப்பமும் கொஞ்சம் மின்சாரமும் தருகிறார்கள். இரு நாட்டிலுமாக இந்த நீர்த்தாங்கி 5,900 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு நீள்கிறது.

இங்கே சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. ஜெர்மனியின் கூட்டாட்சிச் சுரங்கச் சட்டப்படி பூமியின் வெப்பம் நிலத்தோடு சேராத கனிமம். நிலம் யாருடையதாக இருந்தாலும் வெப்பத்தை எடுக்கச் சுரங்க உரிமம் வேண்டும். ஆஸ்திரியாவில் வெப்பம் கனிமமன்று. வெந்நீரை எடுப்பதை நீர்ச் சட்டம் ஆள்கிறது. ஒரே பாறையிலிருந்து வரும் ஒரே நீர், ஆற்றின் ஒரு கரையில் கனிமத்தின் கணக்கிலும் மறு கரையில் நீரின் கணக்கிலும் வருகிறது. இந்த இரு சட்டங்களையும் ஒன்றாக்கிய பிறகுதான் பேசுவோம் என்று காத்திருந்தால் இன்றும் காத்திருந்திருப்பார்கள்.

இன் ஆறு போய்க் கலக்கும் டான்யூப் ஆற்றின் படுகையில் நீர் மேலாண்மைக்காக 1987இல் ரேகன்ஸ்பர்க் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்தது. அதன் கீழ் இயங்கிய நிரந்தர நீர் ஆணைக்குழு, 1990களில் வெந்நீருக்கென்றே ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. குளியல் நகரங்களில் ஊற்றழுத்தம் குறைகிறதே என்ற கவலைதான் அதற்குத் தூண்டுதல். குழு முதலில் செய்த வேலை, இரு நாட்டுக் கிணறுகளின் தகவல்களையும் ஒரே கணினி மாதிரியில் போட்டு, நீர்த்தாங்கிக்கு எவ்வளவு நீர் ஊறுகிறது என்று கண்டறிந்தது. வினாடிக்குச் சுமார் 820 லிட்டர் என்று விடை வந்தது. அந்த எண் கையில் வந்த பிறகுதான் விதி வகுப்பது சாத்தியமாயிற்று.

விதியின் உள்ளடக்கம் சுருக்கமானது. வெப்பத்துக்காக மட்டும் நீரை எடுப்பவர் எடுத்த முழுவதையும் அதே அடுக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். குளியலுக்குப் பயன்பட்ட நீரில் மனித உடல் பட்டிருப்பதால் அதை உள்ளே அனுப்ப முடியாது; எனவே குளியல் நகரங்கள் உண்மையில் தேவைப்படும் அளவை மட்டுமே எடுக்க வேண்டும். திருப்பி அனுப்ப முடிந்தவர், முடியாதவர் என்று பயனாளிகளைப் பிரித்த இந்தப் பகுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். நாட்டின் பெயர் அதில் வரவே இல்லை. ஜெர்மானியருக்கு இத்தனை, ஆஸ்திரியருக்கு இத்தனை என்று பிரித்திருந்தால் ஒவ்வொரு புதுக் கிணறும் அரசியல் ஆகியிருக்கும்.

இன் ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே நிற்கும் சிம்பாக், பிரவுனாவ் என்ற இரு ஊர்களும் இதன் அடுத்த படிக்குப் போயின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, சுமார் 80 டிகிரி வெந்நீரைத் தரும் ஒரே புவிவெப்ப நிலையத்திலிருந்து இரு நாட்டு வீடுகளுக்கும் வெப்பக் குழாய் போகிறது. ஆறிய நீர் இரண்டாவது கிணற்றின் வழியே மீண்டும் கீழே போகிறது. நிலத்துக்கு அடியில் இருப்பதைப் பங்கிடுவதைவிட, மேலே வந்ததைப் பங்கிடுவது எத்தனை எளிது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இதே டான்யூப் இன்னும் கீழே போய்ச் சேரும், ஹங்கேரியை நடுவில் கொண்ட பனோனியப் படுகையில், நிலைமை இவ்வளவு சீராக இல்லை. அங்கே பூமியின் மேலோடு மெல்லியது. உலகச் சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 30 டிகிரி அளவில் வெப்பம் கூடும்போது, ஹங்கேரியில் அது 45 முதல் 50 டிகிரி வரை கூடுகிறது. அதனால் கிணறுகள் ஏராளம். ஆஸ்திரியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா ஆகிய நான்கு நாடுகளின் நிலவியல் ஆய்வு நிறுவனங்கள் 2010 முதல் 2013 வரை ஒன்றுசேர்ந்து அந்த வெந்நீர் அடுக்குகளை வரைபடமாக்கின. அங்கே வெந்நீரில் பெரும்பகுதி மணற்கல்லில் இருக்கிறது. மணற்கல்லில் மறுசெலுத்தல் கடினம். நுண்மணலும் களியும் நகர்ந்து கிணற்றின் சல்லடையை அடைக்கும், அடைப்பை மீறி அனுப்ப அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், மின்செலவு ஏறும். பயன்படுத்திய வெந்நீரை ஆற்றிலும் ஓடையிலும் விட்டுவிடுவதுதான் மலிவு என்பதால் பலர் அதையே செய்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லில் சுலபமாக வேலை செய்த விதி மணற்கல்லில் திணறுகிறது. மேலாண்மை விதியை எழுதுமுன் பாறையைக் கேட்க வேண்டும் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். அல்ஜீரியா, துனிசியா, லிபியா ஆகிய மூன்று நாடுகளுக்கு அடியில் பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியிருக்கிறது வடமேற்குச் சகாரா நீர்த்தாங்கி. பெரும்பங்கு, ஏறத்தாழ ஏழு லட்சம் சதுர கிலோமீட்டர், அல்ஜீரியாவில், லிபியாவில் இரண்டரை லட்சம், துனிசியாவில் 80,000. நீரில் பெரும்பகுதி சகாரா ஈரமாக இருந்த காலத்தில் பெய்த மழை. வயது பல ஆயிரம் ஆண்டுகள். இன்று அதில் ஊறுவது ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி கன மீட்டர். மூன்று நாடுகளும் சேர்ந்து 1970இல் எடுத்தது சுமார் 60 கோடி கன மீட்டர். 2000இல் 250 கோடி. வரவைப் போல இரண்டரை மடங்கு செலவு. இங்கே செறிவூட்ட ஓர் ஆர்வ் ஆறு கிடையாது.

இந்த நீர் வெந்நீராகவும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தெற்குத் துனிசியாவின் கெபிலி, தோசர் பகுதிகளில் இரண்டாயிரம் மீட்டருக்கும் ஆழமான கிணறுகளிலிருந்து 60, 70 டிகிரி சூட்டில் நீர் தன் அழுத்தத்தாலேயே மேலே வருகிறது. பேரீச்சைத் தோப்புக்கு அதை அப்படியே பாய்ச்சினால் வேர் வெந்துவிடும். ஆகவே கோபுரம் போலக் கட்டிய குளிர்விப்பான்களில் மேலிருந்து தட்டுத் தட்டாக விழவிட்டு, காற்றில் ஆறவைத்துப் பாய்ச்சுகிறார்கள். ஆறும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து குழாய்களிலும் தட்டுகளிலும் வெள்ளைப் பாறையாகப் படியும். அதைச் சுரண்டி எடுப்பதே ஒரு தொழில். இவ்வளவு வெப்பத்தையும் வானத்துக்கு விட்டுவிடுவது வீண் என்று, 1980களின் நடுப்பகுதியில் இருந்து பசுமைக் குடில்களை அதைக் கொண்டு சூடாக்கத் தொடங்கினார்கள். பாலைவனத்து இரவு கடும் குளிர். செடி வரிசைகளுக்கு நடுவே தரையில் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய்களில் இரவு முழுதும் வெந்நீர் ஓடுகிறது. காலையில் அதே நீர், ஆறிய நிலையில், குளத்தில் தேங்கித் தோப்புக்குப் பாசனமாகிறது. குளிர்காலத்தில் தக்காளியும் வெள்ளரியும் விளைந்து ஏற்றுமதியாகின்றன.

மிக நல்ல பயன்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கிணறுகளைப் பொங்க வைக்கும் அழுத்தத்தின் ஒரு பகுதி அல்ஜீரியாவின் சகாரா அட்லஸ் மலையடிவாரத்தில் ஊறும் நீரிலிருந்து வருகிறது. துனிசியாவின் கடலோரப் பகுதிதான் அந்த நீரோட்டத்தின் இயற்கையான வெளிவாய். அல்ஜீரியாவில் எடுப்புக் கூடினால் கெபிலியில் ஊற்றழுத்தம் இறங்கும். துனிசியா கூட்டினால் அதன் தாக்கம் லிபியா வரை போகும். முன்னர் சொன்ன அழுத்தக் கணக்கு இதுதான். மூன்று நாட்டில் எவருமே அந்த அழுத்தத்தைத் தனியாகக் கட்டுப்படுத்த முடியாது.

1999 முதல் 2002 வரை, துனிஸ் நகரில் இயங்கும் சகாரா மற்றும் சாஹேல் கண்காணிப்பகத்தின் துணையோடு மூன்று நாடுகளும் தம் கிணற்றுப் பதிவேடுகளை ஒன்றாக்கிப் பொதுவான கணினி மாதிரி ஒன்றை உருவாக்கின. அதுவரை ஒவ்வொரு நாடும் தன் வரைபடத்தை எல்லையோடு நிறுத்தியிருந்தது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத்தாள். தகவலைப் பகிர்வதற்கே எத்தனை தயக்கம் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இது சிறிய வேலை அன்று. அதன் தொடர்ச்சியாக உருவான கலந்தாய்வு ஏற்பாட்டின் ஒருங்கிணைப்பு அலுவலகம் 2008 முதல் அந்தக் கண்காணிப்பகத்திலேயே இயங்கியது. 2024 ஏப்ரலில் அல்ஜியர்ஸில் மூன்று நாட்டு அமைச்சர்கள் அதை முறைப்படுத்தும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். இத்தனைக்கும் பின்பு, யார் எவ்வளவு எடுக்கலாம் என்ற உச்சவரம்பு இன்னும் வரவில்லை; கலந்தாய்வு இருக்கிறது, கட்டுப்பாடு இல்லை. மூன்று நாடுகளும் தம் சகாரா வேளாண்மையை விரிவாக்கும்போது இது எனக்குக் கவலையளிக்கிறது.

அந்த மண்ணில் அளவை என்பது புதிதாகக் கற்க வேண்டிய கலையும் அன்று. அல்ஜீரியாவின் தூவாத், திதிகெல்த் பகுதிகளில் ஃபொக்காரா என்ற நிலத்தடிக் கால்வாய்கள் பல நூற்றாண்டுகளாக இதே நீர்த்தாங்கியின் நீரைச் சாய்வாக இறக்கிச் சோலைகளுக்குக் கொண்டுவருகின்றன. அங்கே நீரளப்பவர் என்று ஒருவர் உண்டு. பல அளவில் துளையிட்ட செப்புத் தகடு ஒன்றை வாய்க்காலில் வைத்து, எந்தெந்தத் துளைகளைத் திறந்தால் நீர் மட்டம் மாறாமல் நிற்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு குடும்பத்தின் பங்கையும் ஊரார் முன்னிலையில் அறிவிப்பார். பங்குகள் பதிவேட்டில் ஏறும். இந்த அறிவை யுனெஸ்கோ 2018இல் அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆழ்துளைக் கிணறுகளால் நீர்மட்டம் இறங்க இறங்கப் பல ஃபொக்காராக்கள் வற்றிவிட்டன. கால்வாய் வற்றினால் அளப்பவருக்கு வேலை ஏது? எல்லார் கண்ணெதிரேயும் அளந்து, அளந்ததை எல்லாரும் ஏற்கும் அந்த முறையைத்தான் மூன்று அரசுகள் இன்று கணினி மாதிரியாலும் அழுத்தமானியாலும் மீண்டும் கட்ட முயல்கின்றன.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வதேச நீர்வழிகள் பற்றிய 1997ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, ஆறு ஏரிகளோடு இணைந்து ஓடும் நிலத்தடி நீரை மட்டுமே உள்ளடக்குகிறது; சகாரா போலத் தனித்துச் சிறைப்பட்ட நீர் அதற்கு வெளியே நிற்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப, ஜப்பானிய அறிஞர் சூசெய் யமாடா அறிக்கையாளராக இருந்த சர்வதேசச் சட்ட ஆணையம் 19 வரைவு விதிகளை எழுதியது. 2008 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அவற்றைக் கவனத்தில் கொண்டது. அவை இன்னும் வரைவுதான். ஆனால் இரண்டு இடங்கள் நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. நீர்த்தாங்கியைப் பயன்படுத்துதல் என்றால் நீரை மட்டுமன்றி வெப்பத்தையும் கனிமங்களையும் எடுப்பதும் அதில் அடங்கும் என்று இரண்டாம் விதி சொல்கிறது. ஆகவே வெந்நீர் விடுபடவில்லை. மூன்றாம் விதியோ, தன் நிலப்பரப்பில் உள்ள பகுதியின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் இறையாண்மை உண்டு என்கிறது. அழுத்தம் எல்லையை மதிப்பதில்லை என்று தெரிந்த பின்னும் இறையாண்மையை முன்னால் நிறுத்தியது தவறு என்பது என் கருத்து. அது இல்லாமல் நாடுகள் இந்த வரைவை ஏற்றிருக்க மாட்டா என்று எதிர்த்தரப்பு சொல்வதிலும் உண்மை உண்டு.

தென் அமெரிக்காவின் குவாரனி நீர்த்தாங்கிக்கான உடன்படிக்கை இந்த வரைவின் சாயலில் எழுந்தது. அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே ஆகிய நான்கும் 2010 ஆகஸ்டில் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வந்தது 2020 நவம்பரில். நடுவில் கடந்த பத்து ஆண்டுகளில் கிணறுகள் காத்திருக்கவில்லை. உருகுவே ஆற்றின் எதிரெதிர்க் கரையில் உள்ள சால்ட்டோவிலும் கொன்கோர்தியாவிலும், தடித்த எரிமலைப்பாறைக்கு அடியில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே உள்ள மணற்கல்லிலிருந்து நாற்பது டிகிரிக்கு மேற்பட்ட நீர் தானாகப் பொங்குகிறது. இரு கரையிலும் வெந்நீர்ச் சுற்றுலா ஒரு முக்கிய வருமானம். அங்கே உடனடிப் பிரச்சினை நீர் தீர்ந்துபோவது அன்று. நீர்த்தாங்கி மிகப் பெரியது. ஒருவர் கிணற்றுக்கு மிக அருகில் இன்னொருவர் கிணறு தோண்டினால் இரண்டின் ஊற்றழுத்தமும் விழுந்துவிடும். உருகுவே தன் பக்கத்தில் வெந்நீர்க் கிணறுகளுக்கு இடையே குறைந்தது இரண்டு கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதித்தது. அந்த ஒரு விதியை ஆற்றின் இரு கரைக்கும் பொதுவாக்குவது, நாலு நாட்டு இறையாண்மையைப் பற்றிய இருபது பக்க உரையைவிட அந்த இரு ஊர்களுக்கும் பயன்படும்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் நடைமுறையில் இறங்க நினைப்பவராக இருந்தால், எல்லைக்கு இரு பக்கமும் பயன்படுத்தாத கிணறு ஒவ்வொன்றைத் தேர்ந்து, ஒரே வகை அழுத்தமானியை ஒரே நாளில் பொருத்தி, அளவுகளை இரு தரப்பும் ஒரே நேரத்தில் பார்க்கும்படி செய்வதிலிருந்து தொடங்கச் சொல்வேன். மூடிய வெந்நீர்க் கிணற்றின் தலையில் உள்ள அந்த அழுத்தமானியின் முள், ஆண்டு முழுதும் எடுத்த பதிவில் குளிர்காலத்தில் இறங்கிக் கோடையில் ஏறும். பக்கத்து நாட்டில் புதிய கிணறு ஓடத் தொடங்கினால் அந்த ஏற்றமே முன்பிருந்த இடத்துக்கு வராது. அதை இருவரும் சேர்ந்து பார்த்திருந்தால் யார் காரணம் என்ற சண்டைக்குப் பாதி இடம் இல்லாமல் போகும்.

ஜெனீவாவிலேயே அடுத்த சோதனை தொடங்கிவிட்டது. அந்த மாநிலம் புவிவெப்பத்தைத் தேடி சத்தீஞி என்ற இடத்தில் துளையிட்ட முதல் கிணற்றில், 744 மீட்டர் ஆழத்திலிருந்து முப்பது டிகிரிக்கும் மேற்பட்ட நீர் தானாகவே மேலே வந்தது. வெசியில் நீரூட்டப்படும் கூழாங்கல் படுகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது பல நூறு மீட்டர் கீழே உள்ள சுண்ணாம்புக்கல். பிரான்ஸின் எல்லை அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில். 1978இல் எழுதி 2008இல் புதுப்பித்த உடன்படிக்கை மேலே உள்ள அந்தக் கூழாங்கல் படுகைக்கு மட்டுமே பொருந்தும். அதில் கன மீட்டருக்குக் கணக்கு இருக்கிறது, டிகிரிக்குக் கணக்கு இல்லை.